வயிற்றில் புளியைக் கரைப்பது யார்?

எஸ்பிஎம் தேர்வின் முதல் நாள். தேர்வு மண்டபத்தின் கதவு இன்னும் திறக்கவில்லை. ஆனால் கழிப்பறை வாசலில் வரிசை நிற்கிறது. காலையில் அம்மா கட்டிக் கொடுத்த நாசி லெமாக் பொட்டலம் பிரிக்கப்படாமல் பையிலேயே கிடக்கிறது. அடிவயிறு பிசைகிறது. நேற்று இரவு கெட்டுப்போன எதையும் நீங்கள் சாப்பிடவில்லை. பிறகு ஏன் இந்தப் பாடு?

நம் பாட்டிமார்களைக் கேட்டால் உடனே விடை சொல்வார்கள். பயம் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும். பிள்ளைக்கு ஒன்று என்றால் பெற்ற வயிறு பற்றி எரியும். அடுத்தவன் வாழ்ந்தால் சிலருக்கு வயிற்றெரிச்சல் வரும். தமிழில் மனத்தின் பாதி வேலை வயிற்றில்தான் நடக்கிறது! இவையெல்லாம் வெறும் பேச்சு வழக்கு என்றுதான் நாம் நினைத்திருந்தோம். குடலுக்கும் மூளைக்கும் இடையே ஓயாமல் செய்தி ஓடிக்கொண்டிருக்கிறது என்று இப்போது ஆய்வுக்கூடங்கள் சொல்கின்றன.

தேர்வு முடிந்ததும் பெரும்பாலோருக்கு வயிறு சரியாகிவிடும். சிலருக்கு ஆவதில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் வலி, உப்புசம், ஒரு நாள் வயிற்றுப்போக்கு, மறுநாள் மலச்சிக்கல். கிளினிக்கில் 'கேஸ்ட்ரிக்' என்று மாத்திரை தருவார்கள். கேட்காவிட்டால் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், எண்டோஸ்கோப்பி. எல்லாம் சரியாக இருப்பதாக முடிவு வரும். அப்போது வீட்டில் ஒரு கேள்வி எழும்: "பள்ளிக்கூடம் போகாமல் இருக்க இது ஒரு சாக்கா?"

பரிசோதனையில் எதுவும் தெரியாத வலி உண்மையான வலிதானா? இந்தக் கேள்விக்கு அறிவியல் விடை தேடிய கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இரைப்பையில் ஒரு ஜன்னல்

கதை 1822ஆம் ஆண்டு ஜூன் மாதம், இன்றைய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த மேக்கினாக் தீவில் தொடங்குகிறது. விலங்குத் தோல் வணிகத்தில் கூலி வேலை பார்த்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கனடிய இளைஞர் மீது தவறுதலாகத் துப்பாக்கி வெடித்தது. மிக அருகிலிருந்து பாய்ந்த குண்டு அவருடைய விலா எலும்பை உடைத்து இரைப்பையைத் துளைத்தது. இராணுவ மருத்துவர் வில்லியம் போமண்ட் சிகிச்சை அளித்தார். பிழைக்கமாட்டார் என்று நினைத்தவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தத் துளை மட்டும் கடைசிவரை மூடவே இல்லை. விலாப்புறத்தில் விரலை விட்டால் இரைப்பைக்குள் போகும்!

போமண்ட் இதை விடுவாரா? பட்டு நூலில் இறைச்சித் துண்டைக் கட்டித் துளை வழியாக உள்ளே இறக்கினார். சிறிது நேரம் கழித்து வெளியே இழுத்து, எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்த்தார். இப்படி ஆண்டுக்கணக்கில் இருநூறுக்கும் மேற்பட்ட சோதனைகள் நடந்தன. 1833இல் அவர் வெளியிட்ட நூல் செரிமானம் பற்றிய அறிவுக்கு அடித்தளமானது. அவர் எழுதி வைத்தவற்றில் நமக்கு வேண்டியது ஒன்று உண்டு. செயின்ட் மார்ட்டின் கோபமோ எரிச்சலோ கொண்டிருந்த வேளைகளில் இரைப்பையின் உட்சுவரின் தோற்றமே மாறியது, செரிமானமும் கெட்டது.

(அவருக்கு ஏன் கோபம் வராது? எழுதப் படிக்கத் தெரியாத ஓர் ஏழைத் தொழிலாளியை ஒப்பந்தம் போட்டுக் கட்டி வைத்து, நூலில் இறைச்சியை இறக்கிக்கொண்டே இருந்தால்! இன்றைய ஆய்வு நெறிமுறைகள் இதை ஒருபோதும் அனுமதிக்கா. 1880இல் அவர் இறந்தபோது, உடல் மருத்துவர்கள் கைக்குப் போய்விடக் கூடாது என்று குடும்பத்தார் அதை அழுகவிட்டு, ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார்கள்.)

மனநிலை மாறினால் வயிறு மாறுகிறது என்பதை முதன்முதலில் கண்ணால் பார்த்து எழுதிவைத்தவர்களில் போமண்ட் ஒருவர். எந்த வழியாக மாறுகிறது என்பது அவருக்குத் தெரியவில்லை.

குடலுக்குச் சொந்தமான நரம்புகள்

1899இல் லண்டனில் பேய்லிஸ், ஸ்டார்லிங் என்ற இரு ஆய்வாளர்கள் மயக்கத்தில் வைக்கப்பட்ட நாய்களின் குடலைச் சோதித்தார்கள். குடலுக்கு வெளியிலிருந்து வரும் நரம்புகளையெல்லாம் வெட்டிவிட்டார்கள். மூளையோடு தொடர்பு அறுந்துவிட்டது. அப்படியும், குடலுக்குள் இருந்த கவளத்துக்கு மேல்பக்கம் சுருங்கியது, கீழ்பக்கம் தளர்ந்தது. கவளம் ஒழுங்காக முன்னே நகர்ந்தது. யார் சொல்லாமலும் குடலுக்குத் தன் வேலை தெரிந்திருந்தது.

காரணம், குடல் சுவருக்குள்ளேயே இரண்டு அடுக்கு நரம்பு வலை பின்னப்பட்டிருக்கிறது. அதில் 10 கோடிக்கும் அதிகமான நரம்பு உயிரணுக்கள் உள்ளன. முதுகுத்தண்டில் உள்ள நரம்பு உயிரணுக்களோடு ஒப்பிடத்தக்க எண்ணிக்கை அது. இதனால்தான் குடலை 'இரண்டாவது மூளை' என்று அழைக்கும் வழக்கம் வந்தது. எனக்கு அந்தப் பெயர் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. குடல் கணக்குப் போடாது, கவிதை எழுதாது. தலைமையகத்திடம் ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்காமல் தானே வண்டிகளை அனுப்பும் பேருந்து நிலையம் போன்றது அது. அந்த நிலையத்துக்கும் தலைமையகத்துக்கும் தொலைபேசி இணைப்பு உண்டு. அந்த இணைப்பில் முக்கியமானது வேகஸ் நரம்பு.

மூளையின் அடிப்பகுதியில் புறப்பட்டு, இதயத்தையும் நுரையீரலையும் தொட்டுக்கொண்டு குடல் வரை நீளமாக அலைந்து போகும் நரம்பு இது. வேகஸ் என்ற லத்தீன் சொல்லுக்கே 'அலைந்து திரிவது' என்றுதான் பொருள். மூளை கட்டளையிடும், வயிறு கீழ்ப்படியும் என்றுதானே நினைப்போம்? எண்ணிப் பார்த்தவர்களுக்கு வியப்பு. வேகஸ் நரம்பின் இழைகளில் ஏறக்குறைய 80 விழுக்காடு கீழிருந்து மேலே செய்தி கொண்டு போகின்றன. மூளை பேசுவதைவிடக் கேட்பதே அதிகம்!

அந்தச் செய்தி எவ்வளவு வேகமாகப் போகிறது? குடலின் உட்சுவரில் உள்ள சில உணர்வு உயிரணுக்கள் வேகஸ் நரம்போடு நேரடியாக இணைந்திருப்பதை 2018இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டியேகோ போர்கெஸ் குழுவினர் எலிகளில் காட்டினார்கள். குடலில் சர்க்கரை பட்டதும் மில்லிவிநாடிக் கணக்கில் தகவல் நரம்புக்குத் தாவியது. அதுவரை, குடல் ஹார்மோன்கள் ரத்தத்தில் கலந்து ஆற அமரத்தான் மூளைக்குச் செய்தி சொல்லும் என்று பலரும் நினைத்திருந்தார்கள்.

இப்போது தேர்வு மண்டபத்து வாசலுக்குத் திரும்புவோம். மூளை ஆபத்தை உணரும்போது சிஆர்எஃப் என்ற சுருக்கப் பெயர் கொண்ட வேதிப்பொருளைச் சுரக்கிறது. அது மன அழுத்த ஹார்மோன்களைக் கிளப்பிவிடுவதோடு, வயிற்றுக்கு இரண்டு எதிரெதிர் உத்தரவுகளும் போகக் காரணமாகிறது. இரைப்பைக்கு: "மெதுவாகு." பெருங்குடலுக்கு: "சீக்கிரம் காலி செய்." அதனால்தான் ஒரே நேரத்தில் நாசி லெமாக்கும் இறங்கவில்லை, கழிப்பறைக்கும் ஓட வேண்டியிருக்கிறது. பாட்டி சொன்ன புளி இதுதான்.

இடையில் ஒரு எச்சரிக்கை. மகிழ்ச்சியோடு தொடர்புபடுத்தப்படும் செரோடோனின் என்ற வேதிப்பொருளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் குடலில்தான் உருவாகிறது. இது உண்மை. "ஆகவே வாழைப்பழம் சாப்பிட்டால் மனம் மகிழும், அதில் செரோடோனின் இருக்கிறது" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்பாதீர்கள். குடலிலோ பழத்திலோ உள்ள செரோடோனின், ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பைத் தாண்டி மூளைக்குள் போக முடியாது. குடலில் அதன் வேலை வேறு. குடலை அசைய வைப்பதும், அங்குள்ள நரம்பு நுனிகளைத் தூண்டுவதும் அதன் வேலைகளில் சில. வாழைப்பழம் நல்லதுதான், வேறு காரணங்களுக்காக.

சத்தம் கூட்டப்பட்ட வானொலி

பரிசோதனையில் எதுவும் தெரியாத அந்த நீடித்த வலிக்கு வருவோம். இத்தகைய வலிகளில் பெயர் பெற்றது குடல் எரிச்சல் நோய்க்குறி. மருத்துவர்கள் ஐபிஎஸ் என்பார்கள். பெயரில் எரிச்சல் இருந்தாலும், எண்டோஸ்கோப்பியில் பார்த்தால் புண்ணோ வீக்கமோ இராது.

1973இல் ஜேம்ஸ் ரிச்சி என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் ஓர் எளிய சோதனை செய்தார். காற்றில்லாத சிறு பலூனைப் பெருங்குடலின் கடைப்பகுதிக்குள் வைத்து, மெல்லக் காற்றை நிரப்பினார். 60 மில்லிலிட்டர் அளவுக்கு ஊதியபோது, இந்த நோய் இல்லாதவர்களில் 6 விழுக்காட்டினர் மட்டுமே வலிக்கிறது என்றார்கள். நோய் உள்ளவர்களில் 55 விழுக்காட்டினருக்கு வலித்தது. ஒரே பலூன், ஒரே அளவு காற்று.

ஒரே வானொலி நிலையம், ஒரே பாட்டு. ஒருவர் வீட்டில் மெதுவாகக் கேட்கிறது. இன்னொருவர் வீட்டில் சத்தத்தை முழுவதும் திருப்பி வைத்திருக்கிறார்கள். சாப்பிட்டபின் குடலில் சாதாரணமாக உண்டாகும் வாயுவும் அசைவும் பிறருக்குத் தெரிவதே இல்லை. இவர்களுக்கு வலியாகத் தெரிகிறது. ஸ்கேன் படம் குடலின் வடிவத்தைக் காட்டும். நரம்பின் சத்தம் எந்த அளவில் வைக்கப்பட்டிருக்கிறது என்று காட்டாது. படத்தில் எதுவும் இல்லை என்பதற்கும் வலி இல்லை என்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு இதுதான்.

யார் அந்தச் சத்தத்தைக் கூட்டுகிறார்கள்? ஒரு காரணத்தை ஒரு கிராமப்புற நகரின் துயரம் காட்டிக் கொடுத்தது. 2000ஆம் ஆண்டு மே மாதம் கனடாவின் வாக்கர்ட்டன் நகரில் பெய்த கனமழை, மாட்டுச் சாணத்தில் இருந்த கிருமிகளைக் குடிநீர்க் கிணற்றில் சேர்த்துவிட்டது. நீரில் குளோரின் சரியாகக் கலக்கப்படவில்லை. சுமார் 5,000 பேர் வாழ்ந்த ஊரில் 2,300க்கும் அதிகமானோர் நோயுற்றனர். 7 பேர் இறந்தனர். மருத்துவ ஆய்வாளர்கள் அந்த ஊர் மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 2006இல் வெளியான ஆய்வின்படி, அந்தத் தொற்றில் வயிறு கெட்டவர்கள் என்று மருத்துவச் சான்று இருந்தவர்களில் சுமார் 36 விழுக்காட்டினருக்குப் பின்னாளில் ஐபிஎஸ் இருந்தது. நோயுறாதவர்களிடம் அது சுமார் 10 விழுக்காடுதான். கிருமி போய்விட்டது, வலி தங்கிவிட்டது.

நமக்கு அருகிலும் இப்படி ஒரு நிகழ்வு உண்டு. 2014 இறுதியில் கிளந்தானை மூழ்கடித்த பெருவெள்ளத்தை உங்கள் வீட்டில் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்த வெள்ளத்தில் சிக்கியவர்களை மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னர் ஆராய்ந்தார்கள். நீடித்த வயிற்று வலியும் ஐபிஎஸ்ஸும், வெள்ளத்தின்போது சூழலில் இருந்த நுண்ணுயிர்களோடு தொடர்புடையவை என்று 2017இல் எழுதினார்கள்.

கிருமி போனபின் வலி எப்படித் தங்குகிறது? பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகக் குழு 2021இல் தந்த விடை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. எலிகளுக்குக் குடல் தொற்றை உண்டாக்கி, அதே சமயத்தில் முட்டையின் வெள்ளைக்கருவில் உள்ள ஒரு புரதத்தையும் கொடுத்தார்கள். தொற்று குணமானது. சில வாரங்கள் கழித்து அதே புரதத்தை மறுபடியும் கொடுத்தபோது, எலிகளின் குடல் வலியால் துடித்தது. தொற்று ஏற்படாத எலிகள் அதே புரதத்தைச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக இருந்தன.

என்ன நடந்தது? திருடன் வந்த இரவில் தெருவில் நின்றிருந்த பக்கத்து வீட்டுக்காரரையும் காவலாளி திருடனின் கூட்டாளி என்று குறித்து வைத்துக்கொண்டது போல, நோய் எதிர்ப்பு உயிரணுக்கள் கிருமியோடு சேர்த்து உணவையும் எதிரிப் பட்டியலில் எழுதிவிட்டன. அதன்பின் அந்த உணவு வரும்போதெல்லாம் குடல் சுவரில் உள்ள மாஸ்ட் உயிரணுக்கள் ஹிஸ்டமினைக் கக்குகின்றன. ஹிஸ்டமின் வலி நரம்புகளின் சத்தத்தைக் கூட்டுகிறது. உடல் முழுவதும் தடிக்கும் சாதாரண ஒவ்வாமை போலன்றி, இது குடலோடு நின்றுவிடுகிறது.

மனிதர்களிடம்? கோதுமை, பால், சோயா போன்ற உணவுப் புரதங்களைக் குடல் சுவரில் சிறிதளவு செலுத்திப் பார்த்தார்கள். ஐபிஎஸ் உள்ள 12 பேரிடமும் ஏதேனும் ஒன்றுக்காவது எதிர்வினை தெரிந்தது. நலமாக இருந்த 8 பேரில் இருவரிடம் மட்டும் தெரிந்தது. இருபது பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை என்பதை மறக்க வேண்டாம். ஹிஸ்டமினைத் தடுக்கும் எபாஸ்டின் என்ற ஒவ்வாமை மாத்திரையைப் பிறகு நோயாளிகளிடம் சோதித்தபோது பலன் தெரிந்தது, ஆனால் சிறிதளவே. கதவு திறந்திருக்கிறது, வீடு இன்னும் தெரியவில்லை.

அப்படியானால் கவலைக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு. ஆனால் எது முதலில் வந்தது? ஆஸ்திரேலியாவில் பொதுமக்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2012இல் வெளியானது. தொடக்கத்தில் வயிறு நன்றாக இருந்தும் கவலை மிகுந்திருந்தவர்களுக்குப் பின்னாளில் வயிற்றுக் கோளாறு வரும் வாய்ப்பு கூடியிருந்தது. மறுபுறம், தொடக்கத்தில் மனம் நன்றாக இருந்தும் வயிற்றுக் கோளாறு இருந்தவர்களுக்குப் பின்னாளில் கவலையும் சோர்வும் கூடியிருந்தன. இது இருவழிச் சாலை. "நீ கவலைப்படுவதால்தான் வயிறு வலிக்கிறது" என்பது பாதி உண்மைதான்.

மருத்துவ உலகமும் இதை ஏற்றுக்கொண்டது. இத்தகைய கோளாறுகளுக்கு 2016இல் 'குடல் மூளை ஊடாட்டக் கோளாறுகள்' என்று பொருள்படும் புதிய பெயர் தரப்பட்டது. மலேசியாவும் சிங்கப்பூரும் உட்பட 33 நாடுகளில் 73,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வு 2021இல் வெளியானது. அதில் இணையம் வழி விடையளித்த பெரியவர்களில் பத்தில் நான்கு பேருக்கு இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தது.

எலிக்குப் பலித்தது

குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்வது உங்களுக்குத் தெரியும். அவையும் இந்த உரையாடலில் குரல் கொடுக்கின்றன. ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் நொபுயுகி சூடோ குழுவினர் நுண்ணுயிரே இல்லாமல் வளர்த்த எலிகளைச் சிறு குழாய்க்குள் அடைத்தபோது, அவற்றின் மன அழுத்த ஹார்மோன் மற்ற எலிகளைவிட அதிகமாக எகிறியது. ஒரு குறிப்பிட்ட நல்ல பாக்டீரியாவைக் குடலில் குடியேற்றியதும் அது அடங்கியது. இது 2004இல். 2011இல் அயர்லாந்தின் கார்க் நகரத்து ஆய்வாளர்கள் ஒருவகை லாக்டோபாசிலஸ் பாக்டீரியாவை எலிகளுக்கு ஊட்டினார்கள். எலிகளின் பதற்றம் குறைந்தது. வேகஸ் நரம்பை வெட்டிவிட்ட எலிகளிடம் மட்டும் அந்தப் பலன் இல்லை. செய்தி எந்தக் கம்பி வழியாகப் போனது என்பதற்கு இதைவிட அழகான சான்று வேண்டுமா?

உலகம் முழுவதும் செய்தித்தாள்கள் கொண்டாடின. பிறகு அதே கார்க் நகர ஆய்வாளர்கள் அதே பாக்டீரியாவை நலமான 29 ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் முடிவை வெளியிட்டார்கள்: மன அழுத்தத்திலோ பதற்றத்திலோ பலன் ஒன்றும் இல்லை. தாங்கள் கண்டுபிடித்தது மனிதரிடம் பலிக்கவில்லை என்பதைத் தாங்களே எழுதி வெளியிட்ட அவர்களை நான் மதிக்கிறேன். அடுத்த முறை மருந்துக் கடையில் "மூளைக்கும் குடலுக்கும் புரோபயாட்டிக்" என்று விலை உயர்ந்த புட்டியைப் பார்த்தால், அது எலியிடம் சோதிக்கப்பட்டதா, மனிதரிடம் சோதிக்கப்பட்டதா என்று கேளுங்கள். தயிரும் தெம்பேயும் சாப்பிடுவதற்கு இந்தக் கேள்வி வேண்டாம், அவை உணவு.

சத்தத்தைக் குறைக்க

சிறுவர்களிடம் நல்ல பலன் தந்த ஒரு முறை கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும். நெதர்லாந்தில் 8 முதல் 18 வயது வரையுள்ள, நீண்டகால வயிற்று வலியால் அவதிப்பட்ட 53 பேரை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை. மற்றதற்கு, குடலை அமைதிப்படுத்தும் ஹிப்னாசிஸ் பயிற்சி. மேடையில் ஆளைக் கோழிபோல் கூவ வைக்கும் வித்தை அல்ல இது. உடலைத் தளர்த்தி, வலி அடங்குவதாக மனத்தில் காட்சிப்படுத்தப் பழக்கும் பயிற்சி. ஓராண்டுக்குப் பிறகு பயிற்சி பெற்றவர்களில் 85 விழுக்காட்டினர் வலி நீங்கப் பெற்றிருந்தனர். மற்ற குழுவில் 25 விழுக்காடு. இந்த ஆய்வு 2007இல் வெளியானது.

"மனப் பயிற்சியால் போய்விட்டதா? அப்படியென்றால் அது கற்பனை வலிதான்!" என்று யாராவது சொன்னால், வானொலியை நினைவூட்டுங்கள். சத்தத்தைக் குறைத்ததால் பாட்டே ஒலிக்கவில்லை என்று ஆகிவிடுமா?

உணவு வழியும் உண்டு. குடலில் எளிதில் நொதித்து வாயு உண்டாக்கும் சில சர்க்கரைகளைக் குறைக்கும் முறையை ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தினர் வகுத்தார்கள். பட்டியலின் உச்சியில் நிற்பவை வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு. நம் சாம்பாரும் ரொட்டி சானாயும் சேர்ந்து மாட்டிக்கொண்டன! ஆனால் வளரும் வயதில் நீங்களாகவே இவற்றை நிறுத்திவிடாதீர்கள். சில வாரங்கள் மட்டும் குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிப்பதே அந்த முறை. உணவியல் நிபுணரின் துணை அதற்கு வேண்டும்.

எல்லா வலியும் இந்த வகை என்றும் எண்ணிவிட வேண்டாம். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வலி, விடாத வாந்தி, காய்ச்சல், வலது அடிவயிற்றில் கூடிக்கொண்டே போகும் வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அவை வேறு நோய்களின் அறிகுறிகளாக இருக்கலாம்.

இவை எதுவும் இல்லாமல் வலி மட்டும் வந்து வந்து போகிறதென்றால், ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு, வலி எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், அன்று பள்ளியில் என்ன நடந்தது, கழிப்பறைக்குப் போனபின் குறைந்ததா என்று எழுதுங்கள். விடுமுறை நாள்களையும் விடாதீர்கள். கிளினிக்குக்குப் போகும்போது அதைக் கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். அம்மாவும் பக்கத்தில் இருந்து படிக்கட்டும்.